கழுவக் கழுவச் செத்த மீன்கள்: பெரம்பூர் வீடொன்றின் இரண்டடித் தொட்டி

பின்னணி

பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. அப்பா, அம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பாவைப் பெற்ற பாட்டி என்று நான்கு பேர். பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நால்வரும் கொளத்தூருக்குப் போய் மீன் தொட்டி வாங்கி வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, உள்ளே நின்ற தண்ணீர் சுமார் 45 லிட்டர். கூடவே ஒரு சின்ன பவர் ஃபில்டர், ஆக்ஸிஜன் மோட்டார், நீலமும் சிவப்புமாகக் கலர் கல், ஒரு பாட்டில் ஆன்டி குளோரின், ஒரு பாட்டில் மெத்திலீன் புளூ. மீன்கள் 17: கப்பி 6, பிளாக் மோலி 4, நியான் டெட்ரா 4, கோல்ட்ஃபிஷ் 2, கண்ணாடியில் பாசி தின்ன ஒரு சக்கர். காலையில் வாங்கினார்கள், மாலை ஐந்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள், ஆறு மணிக்கு ஆக்ஸிஜன் பையைப் பிரித்து மீன்களை விட்டார்கள்.

அந்தக் கட்டடத்தின் தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததில் பாதி அதனால்தான். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அது சம்பில், அதாவது தரைக்கடியில் உள்ள பொதுத் தண்ணீர்த் தொட்டியில் விழும். பற்றாத நாளில் போர் தண்ணீரையும் அதே சம்பில் விடுவார்கள். கோடையில் லாரித் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். குழாயைத் திறந்தால் இன்றைக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. குளிக்கவும் துணி துவைக்கவும் அது தெரிய வேண்டியதில்லை. மீனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் மூன்று வாரம்

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்தது. புதுத் தொட்டியில் இது சகஜம். மிச்சமான தீனியைத் தின்னும் ஒருவகை பாக்டீரியா சட்டென்று பெருகுவதால் வருகிறது, விட்டால் தானே தெளியும். இவர்கள் அழுக்கு என்று நினைத்தார்கள். மீன்களை ஒரு பக்கெட்டில் பிடித்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் முழுவதையும் இறைத்தார்கள். கல்லை அரிசி களைவதுபோல் நான்கைந்து தண்ணீரில் அலசினார்கள். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினார்கள். கண்ணாடியைத் துடைத்து, புதுத் தண்ணீர் விட்டு, ஆன்டி குளோரின் ஊற்றி, மீன்களைத் திருப்பி விட்டார்கள். தொட்டி பளிச்சென்று இருந்தது.

அந்த வாரக் கடைசிக்குள் ஐந்து மீன்கள் செத்தன. நியான் டெட்ரா நான்கும் போயின, கூடவே ஒரு கப்பி. நோய் என்று நினைத்து மெத்திலீன் புளூ விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி முழுக் கழுவல். அடுத்த வாரம் நான்கு: இரண்டு கப்பி, ஒரு மோலி, ஒரு கோல்ட்ஃபிஷ். மறுபடி ஞாயிறு, மறுபடி கழுவல். மூன்றாம் வாரம் மிச்சமிருந்த கோல்ட்ஃபிஷும் இன்னொரு மோலியும். பதினேழில் பதினொன்று போய் ஆறு மிஞ்சியபோதுதான், இரு பக்கமும் தெரிந்த ஒருவர் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் வில்லிவாக்கத்தில் இருபது வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். தொழிலாக இல்லை, ஆசைக்குத்தான்.

நேரில் பார்த்தது

போனபோது மோலி இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. கப்பிகளின் வால் விரியாமல் ஊசிபோல் ஒட்டியிருந்தது. தண்ணீர் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவு. அன்று வியாழக்கிழமை, கழுவி நான்கு நாள்.

சிறுமி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, காலை, மாலை என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் எத்தனை மீன் உயிரோடிருக்கிறது என்ற எண். செத்த மீனின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் படம், அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. முதல் ஏழெட்டுப் படங்களுக்குக் கலர் அடித்திருந்தாள். பிறகு வெறும் பென்சில்.

அந்த நோட்டைப் பார்த்தபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. திங்கள், செவ்வாயில் எண் குறையவே இல்லை. சாவெல்லாம் புதன், வியாழன், வெள்ளியில். முதல் வாரத்தில் நடுவில் கழுவியதால் இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். கழுவிய மூன்றாம் நாளிலிருந்து சாகத் தொடங்குகின்றன, மூன்று வாரமும் அதே ஒழுங்கு. தொற்றுநோய் கிழமை பார்த்து வராது.

கையோடு கொண்டுபோயிருந்த பெட்டியை வைத்து, சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனையைச் செய்தேன். அம்மோனியாக் குழாய் மஞ்சளாக இருக்க வேண்டும், கரும்பச்சைக்குப் போனது. லிட்டருக்கு 2 மில்லிகிராம். நைட்ரைட் 0. நைட்ரேட் 0. தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 8.2. தண்ணீரின் சூடு 30 டிகிரி.

இதில் என்னை நிறுத்தியது நைட்ரைட் பூஜ்யம் என்பதுதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், கடைசியது ஓரளவுக்குத் தொல்லையில்லை. இந்த பாக்டீரியாக்கள் கண்ணாடியிலும் கல்லிலும், முக்கியமாக ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. மெதுவாகத்தான் பெருகும், நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். மூன்று வாரம் ஓடிய தொட்டியில் நைட்ரைட் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். தொடங்க நினைத்தபோதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறது.

பிஎச்சும் சூடும் இதில் சேர்ந்துகொண்டன. அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும், அதில் ஒன்றுதான் செவுளை எரிப்பது. பிஎச் 7ஆக இருந்தால், 30 டிகிரியில் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே அந்தக் கொடிய உருவில் இருக்கும். பிஎச் 8.2 என்றால் சுமார் 11 சதவீதம். அதே 2 மில்லிகிராம், பதினான்கு மடங்கு விஷம். உப்பு கலந்த போர் தண்ணீர் வரும் சென்னை வீடுகளில் புதுத் தொட்டியில் மீன்கள் இவ்வளவு வேகமாகச் சாவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். தாதுக்கள் குறைந்த, மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் இதே தவறைச் செய்தவருக்கு இன்னும் பத்து நாள் அவகாசம் கிடைத்திருக்கும்.

மீன் தேர்வும் சரியில்லை. நியான் டெட்ரா அமேசானின் மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீர்க்காரன். இந்த உப்புத் தண்ணீரில் அது தாக்குப்பிடித்திருந்தால்தான் ஆச்சரியம். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம், வளர்ந்தால் இரண்டடித் தொட்டி அதற்குப் பற்றவே பற்றாது. சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும். கப்பியும் மோலியும் மட்டும்தான் இந்த வீட்டுத் தண்ணீருக்கு ஏற்றவை. கடைசியில் மிஞ்சியதும் அவைதான், சக்கரைத் தவிர.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, கழுவுவதை நிறுத்துவது. இதற்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "என்ன தம்பி சொல்றீங்க? குழம்பு வச்ச சட்டிய யாராவது கழுவாம வைப்பாங்களா? அதுங்க அதுலயே தின்னு அதுலயே போவுது."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அம்மோனியா, நைட்ரைட் என்று நான் சொன்ன எதுவும் அவரிடம் எடுபடவில்லை. கடைசியில், "தயிர்ப் பாத்திரத்துல உறைமோர் கொஞ்சம் மிச்சம் வைப்பீங்களாம்மா, இல்ல எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவிட்டுப் பாலை ஊத்துவீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தப் பஞ்சுதான் உறையா?" என்றார். அந்த ஒரு வரியில் அவர் புரிந்துகொண்டதை என்னால் அரைமணி நேரத்தில் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் உண்மையிலேயே உறை ஊற்றினோம். என் வீட்டில் பல வருடம் ஓடிய தொட்டியிலிருந்து பழுப்பேறிய ஒரு ஸ்பாஞ்சை, அதே தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டு, காய விடாமல் கொண்டுபோனேன். அவர்கள் ஃபில்டரில் பாதி இடத்தை அது எடுத்துக்கொண்டது. என் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் இதைச் செய்தேன். தெரியாத தொட்டியின் ஸ்பாஞ்சை யாரும் வாங்கக் கூடாது.

இரண்டாவது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பக்கெட் அளவு, சுமார் 15 லிட்டர் மட்டும் மாற்றுவது. அம்மோனியாவைக் குறைக்கவும் வேண்டும், பாக்டீரியாவுக்குத் தின்னக் கொஞ்சம் மிச்சமும் வைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு முறை நனைத்து எடுப்பது, குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது.

மூன்றாவது, தீனி. அதுவரை சிறுமி காலை, மாலை, இரவு மூன்று வேளையும் ஒரு சிட்டிகை போட்டுவந்தாள். ஒரு வேளையாக்கினோம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஞாயிற்றுக்கிழமை பட்டினி. மெத்திலீன் புளூ பாட்டிலை அலமாரியில் ஏற்றியாயிற்று. நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் அது கெடுக்கும்.

நான்காவதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. "கேன் தண்ணியே ஊத்திடலாமே சார், சுத்தமா இருக்குமே" என்றார். வேண்டாம் என்றேன். கேனில் வருவது வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர், அதில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை. கப்பிக்கும் மோலிக்கும் தாதுக்கள் நிறைந்த கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். அந்த பாக்டீரியா வேலை செய்யவும் தண்ணீரில் கார்பனேட் வேண்டும். அது தீர்ந்தால் பிஎச் ஒரேயடியாகச் சரிந்து, தொட்டி வேறொரு வழியில் கெடும். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வைப்பதே எளிது, மீனுக்காக வாரா வாரம் தண்ணீர் தயாரிக்க இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

சக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதை உடனே மறுத்தேன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இப்படி விடப்பட்டு விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வலையைக் கிழிக்கிறது, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. எந்தத் தொட்டி மீனையும் வெளியே விடக் கூடாது.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டும்வரை புது மீன் இல்லை என்பது கடைசி முடிவு. சிறுமிக்கு அழுகை வந்துவிட்டது. நோட்டில் இனி மீன் எண்ணிக்கையோடு சோதனைக் குழாயின் நிறத்தையும் எழுத வேண்டும் என்ற வேலையை அவளிடம் ஒப்படைத்தேன்.

பின் நடந்தது

நான்காம் நாள் ஒரு கப்பி செத்தது. செவுள் முன்பே வெந்துபோயிருந்தது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. அதன்பின் அந்தக் கட்டத்தில் சாவே இல்லை. ஏழாம் நாள் நைட்ரைட் குழாயில் முதல்முறையாக மெல்லிய ஊதா தெரிந்தது. வீட்டில் எல்லோரும் அதை விஷம் என்று பயந்தார்கள், எனக்கு அது நல்ல செய்தி. பன்னிரண்டாம் நாள் அம்மோனியா 0.25க்கு இறங்கி, நைட்ரைட் 2க்கு ஏறியது. நைட்ரைட் ஏறும்போது கல் உப்பு போடுவது வழக்கம், குளோரைடு இருந்தால் நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவது தடைப்படும். இந்த வீட்டுத் தண்ணீரே உப்புக் கரித்ததால் தனியாகப் போடவில்லை. இருபத்து நான்காம் நாள் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20.

ஆகஸ்டில் நான்கு கப்பிகள் சேர்ந்தன, பதினைந்து நாள் கழித்து நான்கு பிளாட்டி மீன்கள். செப்டம்பர் கடைசியில் கப்பிக் குஞ்சுகள். தண்ணீர் வாரத்துக்கு ஒரு பக்கெட்.

அக்டோபர்: சம்ப் கழுவிய நாள்

மழைக்காலத்துக்கு முன்னால் குடியிருப்புச் சங்கம் ஆள் வைத்து சம்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு நிரப்பியது. நல்ல காரியம்தான், வருடா வருடம் செய்ய வேண்டியதும்கூட. லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், யாரும் அதை மீனோடு சேர்த்து யோசிக்கவில்லை. மறுநாள் ஞாயிறு காலை அப்பா வழக்கம்போல ஒரு பக்கெட் பிடித்து, வழக்கமான சொட்டு ஆன்டி குளோரின் விட்டு, தொட்டியில் ஊற்றினார்.

அரைமணி நேரத்தில் பிளாட்டிகள் கண்ணாடியில் மோதி ஓடத் தொடங்கின. ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது. எனக்குப் போன் வந்தது. "தண்ணிய மோந்து பாருங்க" என்றேன். நீச்சல்குள வாடை என்றார்.

குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. மீனின் செவுளை எரிக்க அதுவே போதும், ஆகவேதான் தினசரித் தண்ணீருக்கே ஆன்டி குளோரின் தேவைப்படுகிறது. பாட்டிலில் எழுதியிருக்கும் சொட்டுக் கணக்கு அந்தச் சாதாரண அளவுக்கானது. பிளீச்சிங் பவுடர் போட்ட சம்பின் தண்ணீருக்கு அது கால் பங்கு கூடக் காணாது. ஆன்டி குளோரினின் உள்ளே இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே உப்பு. 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க நடைமுறையில் சுமார் 7 மில்லிகிராம் வேண்டும்.

போனிலேயே சொன்னேன்: உடனே, ஒரு பக்கெட்டுக்கு இல்லாமல் தொட்டித் தண்ணீர் முழுவதுக்கும் கணக்கிட்டு, இரண்டு மடங்கு ஆன்டி குளோரினை நேராகத் தொட்டியில் விடுங்கள், ஆக்ஸிஜன் மோட்டாரை முழு வேகத்தில் வையுங்கள், குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட இனி வேண்டாம். சமையலறையில் இருந்த கேனிலிருந்து 10 லிட்டரை மாற்றச் சொன்னேன். ஜூலையில் நான் வேண்டாம் என்ற அதே கேன் தண்ணீர். குளோரின் இல்லாத தண்ணீர் அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது, கால் பங்கு மாற்றினால் கடினத்தன்மை ஒரேயடியாக இறங்கிவிடாது.

மாலைக்குள் ஒரு மோலியும் இரண்டு பிளாட்டிகளும் குஞ்சுகளில் பெரும்பாலானவையும் போய்விட்டன. மிச்சம் பிழைத்தன. அம்மோனியா மறுநாள் 0.5 காட்டியது, ஸ்பாஞ்சிலிருந்த பாக்டீரியாவும் அடி வாங்கியிருந்தது. தீனியை நிறுத்தி வைத்தோம், ஆறாம் நாள் மறுபடி பூஜ்யம். முழுவதும் செத்திருந்தால் இன்னொரு மாதம் ஆகியிருக்கும்.

கோடை

கத்திரி வெயிலில் தொட்டி 33.5 டிகிரியைத் தொட்டது. சூடேறிய தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பைத் தடவிப் போகும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தார்கள், இரண்டரை டிகிரி இறங்கியது. ஐஸ் கட்டி போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஒரே நாளில் ஏறி இறங்கும் சூடு நிலையான சூட்டைவிட மோசம். மின்விசிறியால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். அந்த ஆவியான அளவை மட்டும் கேன் தண்ணீரால் நிரப்பச் சொன்னேன். இங்கே அதுதான் சரி, குழாய்த் தண்ணீர் விட்டால் வாரா வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும். இரவில் மூன்று மணி நேரம் கரண்ட் போன ஒருநாளும், பேட்டரியில் ஓடும் ஆக்ஸிஜன் மோட்டார் காப்பாற்றியது. மீன் ஒன்றும் சாகவில்லை.

வேறுவிதமாகச் செய்திருக்க வேண்டியவை

ஜூன் ஞாயிறன்று அந்தக் கடையில் 17 மீன்களையும் தொட்டியையும் ஒரே பில்லில் கொடுத்திருக்கக் கூடாது. தொட்டியையும் ஃபில்டரையும் மட்டும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது, வாடிக்கையாளரும் மிஞ்சியிருப்பார். அந்த ஒரு மாதமும் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. காலித் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விட்டாலே அம்மோனியா வரும், பாக்டீரியா மீனில்லாமலே வளரும்.

என் பக்கத் தவறு அக்டோபரில். முதல் நாளே தண்ணீரைச் சோதித்தேன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், சம்பை எப்போது கழுவுவார்கள் என்று கேட்கவில்லை. குளோரின் பார்க்கும் பட்டை மலிவான பொருள், அதையும் அவர்களிடம் கொடுத்து வைக்கவில்லை. இப்போது யாராவது தொட்டி வைக்க யோசனை கேட்டால் எத்தனை அடி, என்ன மீன் என்பதற்கு முன்னால் சம்பைப் பற்றித்தான் கேட்கிறேன்.

மீன்கள் மேல்மட்டத்தில் வாய் வைத்த முதல் நாளே அம்மோனியா சோதித்திருந்தால் மெத்திலீன் புளூவுக்கு வேலையே வந்திருக்காது. சோதனைப் பெட்டியின் விலை அதிகம் என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். செத்த மீன்களை மாற்றி மாற்றி வாங்கும் செலவையும் அதில் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது தொட்டியில் கப்பிகள் இருபதுக்கு மேல், பிளாட்டி இரண்டு, அந்தப் பழைய மோலி ஒன்று. சிறுமிக்கு நியான் டெட்ரா ஆசை இன்னும் போகவில்லை. அவள் நோட்டு இரண்டாவது நோட்டாகிவிட்டது. சம்ப் கழுவும் தேதி சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும், முந்தின நாளே இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் பிடித்து, தட்டு போட்டு மூடி, பால்கனி ஓரமாக வைத்துவிடுகிறார் பாட்டி. குடத்தை யாரும் எடுத்துவிடாமல் இருக்க மேலே ஒரு சீட்டு: மீன் தண்ணி.